பலகையில் வைத்த கத்தி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் உங்கள் மாமா கத்தியை மடக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் பிள்ளைகள் நீங்கள் இருவரும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பீர்கள். அந்தச் சத்தம் கேட்காமலே போன ஒரு ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். அன்று காலையில் குருசுக்குப்பத்துக் கடலில் ஒரு படகு கரையோரக் கருங்கல்லில் மோதி உடையப் பார்த்தது. அது எப்படித் தப்பியது என்பதை உங்கள் மாமா ஒரு மாதிரி சொல்வார், படகுக்காரர் ஒரு மாதிரி சொல்வார். உங்கள் அப்பா நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கத்தி விஷயத்தில் என் பேச்சை நீங்கள் நம்பலாம். அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவைக்கிறேன்.

முதலில் என் கத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உப்பளம் பகுதியில் ஒரு பார்சல் குடோனில் எனக்கு வேலை. காலையிலிருந்து மாலைவரை அட்டைப் பெட்டி பிரிப்பதும், பிளாஸ்டிக் பட்டை அறுப்பதும், சணல் வெட்டுவதும்தான். கூரான முனை உள்ள கத்தியை அட்டைப் பெட்டியில் இறக்கினால் அட்டை கிழியும், உள்ளே இருக்கிற புடவையும் கிழியும். அந்த வேலைக்கு முனை ஆகாது. ஞாயிறு சந்தையில், நடைபாதையில் சாக்கு விரித்துப் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு மடக்குக் கத்தி பார்த்தேன். அதன் அலகுக்கு முனையே இல்லை. முதுகுப் பக்கம் நேராக வந்து, கடைசியில் சட்டென்று வளைந்து, அறுக்கிற வாயோடு சேர்ந்துவிடும். பக்கவாட்டில் பார்த்தால் ஆட்டுக் குளம்பு மாதிரி இருக்கும். அலகின் அடியில் கட்டைவிரலுக்கு ஒரு சின்னக் குமிழ். இடது கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வலது கையாலேயே திறக்கலாம். கையில் எடுத்த உடனே தெரிந்துவிட்டது, இது எனக்காகச் செய்த கத்தி என்று.

உங்கள் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பாக்கெட்ல கத்தி வச்சிக்கிட்டுத் திரியறவன யாராவது நல்லவன்னு சொல்லுவாங்களா? அதுவும் ஒத்தக் கையில தொறக்கற கத்தி! பொம்பள புள்ள இருக்கற வீடு" என்றாள். சாப்பாட்டுப் பையில்தான் வைப்பேன், சட்டைப் பையில் வைக்க மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் விட்டாள். அந்தப் பேச்சை இன்றுவரை காப்பாற்றுகிறேன்.

அடுத்து உங்கள் மாமாவின் கத்தி. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஊரில் எல்லோரும் அவரைச் சொல்தா என்றுதான் கூப்பிடுவார்கள், சிப்பாய்க்குப் பிரெஞ்சில் அப்படித்தான். பிரான்சு தேசத்தில் வேலை பார்த்தபோது, கிராமத்து மனிதர்கள் ஆளுக்கொரு மடக்குக் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவதைப் பார்த்திருக்கிறார். ரொட்டி அறுப்பது, இறைச்சி நறுக்குவது, பழம் சீவுவது எல்லாம் அவரவர் கத்தியால். வீட்டுப் பெரியவர் கத்தியைத் துடைத்து மடக்கினால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தமாம். அந்த வழக்கத்தை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவருடையது மரப்பிடி. பிடியின் கழுத்தில் ஒரு இரும்பு வளையம்; அதைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். அலகு மெல்லியது, முனை ஊசி. திறக்க இரண்டு கையும் வேண்டும். நகத்தைப் பள்ளத்தில் வைத்து இழுக்க வேண்டும், பிறகு வளையத்தைத் திருக வேண்டும். எனக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். அவருக்கு என்னுடையதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

மூன்றாவது ஆள் குருசுக்குப்பத்துப் படகுக்காரர். ஒரு ஃபைபர் படகு, பின்னால் மாட்டுகிற எஞ்சின் ஒன்று. அந்தப் படகுதான் அவர் வீட்டு அடுப்பு. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வெளியே வருகிற இடத்தில் உங்கள் மாமாவுக்குப் பழக்கமானவர். மாமா அவரைப் பிரெஞ்சில் கப்பித்தேன், அதாவது கேப்டன் என்று கூப்பிடுவார். அவர் என்னைப் பார்சலு என்று கூப்பிடுவார். மடக்குக் கத்தியெல்லாம் பொம்மை என்று சொல்லிக்கொண்டிருந்த மனுசன், எங்கள் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக் கேட்டு அவரும் ஒன்று வாங்கிவிட்டார். அதன் வாயில் பாதி தூரம் ரம்பம் மாதிரிப் பல் இருந்தது. கயிறு அறுக்கப் பல்தான் வேண்டும் என்பது அவர் கட்சி.

ஞாயிறு பூசை முடிந்ததும் மூவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு இதுதான்.

"மாப்ள, முனை இல்லாதது கத்தியா? அது தேஞ்சுபோன சீப்பு" என்பார் உங்கள் மாமா.

"மச்சான், உங்களுது கத்தியா? அது வெத்தல பாக்குப் பொட்டி. வளையத்தத் திருகி முடிக்கறதுக்குள்ள நான் பத்துப் பொட்டி பிரிச்சிடுவேன்."

"பொட்டியத் தின்னுவியா நீ? ஒரு மாம்பழத்த இதால நோண்டி எடு பாக்கலாம். மீன் வயித்தக் கீறு பாக்கலாம்."

"மீன் வயித்துக்கு என் பொண்டாட்டி அருவாமணை இருக்குது" என்று படகுக்காரர் நடுவில் வருவார். "கடல்ல கயிறு அறுக்கணும். அதுக்கு எதுயா ஒதவும்? பல்லு! பல்லில்லாத ரெண்டு கெழவனுங்க சண்ட போடற மாதிரி போடறீங்களே."

டீக்கடைக்காரர் எங்கள் பெஞ்சில் வேறு யாரையும் உட்காரவிட மாட்டார். புதிதாக வருகிறவர்கள் மூன்று கத்தியைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள் என்று சொல்வார். நாங்கள் சும்மாவும் பேச மாட்டோம், சோதனை செய்து பார்த்துவிடுவோம். ரொட்டி அறுப்பதில் உங்கள் மாமாவின் கத்தி ஜெயிக்கும், துணுக்கு உதிராது. அட்டையில் நான் ஜெயிப்பேன். சணல் கயிற்றில் படகுக்காரர் ஜெயிப்பார். ஆரஞ்சுத் தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரிப்பதில் என் கத்தியும் மாமா கத்தியும் சமம். அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். உரித்துப் பார்த்த அன்றைக்கு நீங்கள்தான் சாட்சி, ஞாபகம் இருக்கிறதா?

ஒரு விஷயத்தில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து. கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கொடுத்தால் உறவு அறுந்துபோகும், சண்டை வரும். நம் வீட்டில் அரிவாள்மணையைக்கூட அம்மா தரையில் வைத்து, பிறகு அடுத்தவர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் மாமா, பிரான்சு தேசத்திலும் இப்படி ஒரு பயம் உண்டு என்று சொல்லி அதை இன்னும் கெட்டியாக்கிவிட்டார். ஆகவே "உன் கத்திய குடு பாப்போம்" என்று ஒருவர் கேட்டால், மற்றவர் பெஞ்சில் வைப்பார். கேட்டவர் எடுத்துக்கொள்வார். வருசக்கணக்காக இப்படித்தான். கை நீட்டினாலும் அந்தக் கையில் கத்தி விழாது, பக்கத்தில்தான் விழும். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வாரம் பேச்சு முற்றிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி அறுப்பது ஒரு சோதனையா, கடலுக்கு வாங்கய்யா என்றார் படகுக்காரர். காலையில் கொஞ்ச தூரம் போய், நண்டு வலை நாலு இழுத்து, அந்த வேலை முழுவதையும் மடக்குக் கத்தியால் மட்டுமே செய்வது என்று முடிவானது. உங்கள் மாமா ஒரு நிபந்தனை போட்டார்.

"கப்பித்தேன், படகுல எப்பவும் ஒரு பெரிய கத்தி சொருவி வச்சிருப்பியே, அத வீட்ல வச்சிட்டு வரணும். இல்லன்னா அவசரத்துல அதத்தான் எடுப்ப."

"எடுக்க மாட்டேன்."

"எடுப்ப. வச்சிட்டு வா."

படகுக்காரர் ரோசக்காரர். சொன்ன மாதிரியே பெரிய கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். கத்தியைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற மூன்று பேர், கடலில் நிஜமாக உதவுகிற ஒரே கத்தியைக் கரையில் விட்டுவிட்டுப் படகு ஏறினோம்.

போகும்போது கடல் நன்றாகத்தான் இருந்தது. முதல் வலையை இழுத்தோம். நண்டின் காலில் சுற்றியிருந்த வலை நரம்பை எடுக்க உங்கள் மாமாவின் ஊசி முனைதான் உதவியது. அதை நான் மறைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். இரண்டாவது வலைக்குப் படகைத் திருப்பியபோது எஞ்சின் ஒரு முக்கு முக்கி நின்றுவிட்டது.

படகுக்காரர் எட்டிப் பார்த்தார். எங்கிருந்தோ அறுந்து மிதந்து வந்த பழைய வலை ஒன்று, தடித்த நைலான் கயிற்றோடு, தண்ணீரைத் தள்ளுகிற எஞ்சின் விசிறியில் சுற்றியிருந்தது. வலையின் மிச்சம் தண்ணீருக்குள் கனமாகத் தொங்கியது. அதனால் எஞ்சினைப் பாதிதான் தூக்க முடிந்தது. காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்தது. கரையில் மணல் இருந்தால் கவலையில்லை. நமக்குத்தான் தெரியுமே, அங்கே அலையைத் தடுக்க ஆள் உயரக் கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு தடவை மோதினால் ஃபைபர் படகு முட்டை ஓடு மாதிரி.

நங்கூரத்தைப் போட்டார். அடியில் இளகின மணல், பிடிக்கவில்லை. நங்கூரத்தை இழுத்துக்கொண்டே படகு பின்பக்கமாகக் கல்லை நோக்கிப் போனது.

"என் படகுயா" என்றார் படகுக்காரர். அந்த மனுசன் அப்படி மெதுவாகப் பேசி அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

அவர் தன் கத்தியை எடுத்தார். பாதிதான் திறந்தது. உப்பும் மணலும் மடிப்புக்குள் புகுந்து, துரு ஏறி இறுகிக் கிடந்தது. "மடக்குக் கத்தி பொம்மைன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று தன் கத்தியைத் தானே திட்டிப் படகுக்குள் எறிந்தார். துடுப்பை எடுத்துக்கொண்டு முன்பக்கம் ஓடி, அலைக்கு எதிராகப் படகின் மூக்கைத் திருப்பிப் பிடிக்க ஆரம்பித்தார். அது அவரால் மட்டும் முடிகிற வேலை.

எனக்குக் கை நீளம். பின்பலகையில் குப்புறப் படுத்து, இடது கையால் எஞ்சினைக் கட்டிப்பிடித்து, கடல்மேல் தொங்கினேன். படகில் சாப்பாட்டுப் பை இல்லாததால், என் கத்தி இடுப்பில் கட்டியிருந்த துண்டு முடிச்சுக்குள், என் உடம்புக்கு அடியில் இருந்தது. உங்கள் மாமாவின் கத்தி திறந்து, வளையம் திருகி, தயாராக அவர் கையில் இருந்தது. வலது கையைப் பின்னால் நீட்டி, "குடுங்க மச்சான்!" என்றேன்.

கொடுத்தார். எப்போதும் கொடுக்கிற மாதிரியே. என் கை விரித்து நீட்டியபடி இருக்க, என் முழங்கைக்குப் பக்கத்தில் பலகையின்மேல் பதமாக வைத்தார்.

படகு ஒரு ஆட்டம் ஆடியது. கத்தி பலகையில் வழுக்கி, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, தண்ணீருக்குள் போனது. பட்டாளத்திலிருந்து அவரோடு வந்த கத்தி. சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்தோம்.

"இன்னாயா ஆச்சு?" என்று முன்பக்கத்திலிருந்து கத்தினார் படகுக்காரர்.

"வச்சேன்" என்றார் உங்கள் மாமா. "வச்சேன், போயிடுச்சு."

அதற்குமேல் பேச நேரமில்லை. நான் ஒருக்களித்துப் புரண்டு, முடிச்சுக்குள்ளிருந்து என் கத்தியை உருவி, கட்டைவிரலால் குமிழைத் தள்ளினேன். திறந்துகொண்டது. நல்லவன் வைத்திருக்க மாட்டான் என்று உங்கள் அம்மா சொன்ன அதே ஒற்றைக் கைத் திறப்புதான். அதை மட்டும் என்னிடமிருந்து பிடுங்கியிருந்தால் அன்றைக்கு அந்தப் படகு இல்லை.

கயிறு விசிறியின் கழுத்தில் இறுகச் சுற்றியிருந்தது. முனை இல்லாத அலகைக் கயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவில் சாய்த்துச் செருகினேன். உள்ளே போனது. கூர்முனையாக இருந்தால், படகு ஆடுகிற ஆட்டத்தில் என் இடது கையைத்தான் முதலில் குத்தியிருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இழுத்து இழுத்து அறுத்தேன். ஒரு சுற்று விட்டது. இரண்டாவது சுற்று விட்டது. மிச்சம் இருந்த சுற்று எஞ்சினுக்கு அந்தப் பக்கம், என் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. நான் எழுந்து சுற்றிப் போய் மறுபடி படுக்க நேரமில்லை. அலை கல்லில் அடித்துத் திரும்புகிற சத்தம் என் தலைக்கு எதிரே, பக்கத்திலேயே கேட்டது.

உங்கள் மாமா அதற்குள் அந்தப் பக்கம் படுத்துவிட்டார். சிப்பாய் சிப்பாய்தான். கை நீட்டினார்.

நான் கத்தியைப் பிடிப் பக்கமாகத் திருப்பி நீட்டினேன். அவர் கை பின்வாங்கியது.

"வை மாப்ள, எடுத்துக்கறேன்."

"எங்க வைக்கறது? புடி!"

"வை சொல்றேன்!"

"புடிடா மச்சான்!"

அவர் விரலைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். பிடித்துக்கொண்டார். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தேஞ்சுபோன சீப்பு என்று அவர் சொன்ன அதே கத்தியைக் கயிற்றுக்கு அடியில் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தார். கடைசிச் சுற்று அறுந்ததும் வலை பாம்பு மாதிரி நழுவித் தண்ணீருக்குள் இறங்கியது. "அலே! போ!" என்று பிரெஞ்சும் தமிழுமாகக் கத்தினார்.

படகுக்காரர் துடுப்பைப் போட்டு, நங்கூரத்தை இழுத்து உள்ளே போட்டுவிட்டு ஓடிவந்து எஞ்சினை இறக்கி இழுத்தார். முதல் இழுப்பில் கிளம்பவில்லை. அடுத்ததில் கிளம்பியது. கல்லில் அடித்த அலைத் தண்ணீர் எங்கள் தலைமேல் விழ, படகு முன்னால் பாய்ந்தது. படகுக்காரர் ஒரு கையால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் படகின் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தார். மாட்டைத் தடவுகிற மாதிரி.

கரை ஏறினோம். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று பெரியவர்கள் சொன்னது பலித்துவிட்டது. துண்டைப் பிழிவதற்குள் ஆரம்பித்தது.

"பாத்தீங்களா? முனை இல்லாத கத்திதான் படகக் காப்பாத்துச்சு" என்றேன்.

"கத்தியா காப்பாத்துச்சு? என் கை காப்பாத்துச்சு. கடைசிச் சுத்து அறுத்தது யாரு?"

"எதால அறுத்தீங்க?"

"என் கத்தி இருந்திருந்தா ஒரே இழுப்பு. உன்னுத வச்சிக்கிட்டு வெறகு அறுக்கற மாதிரி அறுத்தேன்."

"உங்க கத்தியக் கடல்ல போட்டது யாரு?"

"கடல்ல போடல. பலகையில வச்சேன். மரியாதையா வச்சேன். நீ இன்னா பண்ண? 'புடிடா'ன்ன. தங்கச்சிய குடுத்த மச்சான 'டா' போட்டவன் இந்த ஊர்ல நீ ஒருத்தந்தான்."

படகுக்காரர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. படகு பொழச்சிடுச்சு. அதுக்கு உங்க ரெண்டு பேர் கால்லயும் விழறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், பல்லு வச்சிருந்தா…"

"உங்க பல்லுதான் வாயவே தொறக்கலியே!" என்றோம் இரண்டு பேரும் ஒரே குரலில்.

அவர் சிரித்தார். அப்புறம் மணலில் அப்படியே உட்கார்ந்து, முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். கத்தியைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவர் எழுந்ததும் நண்டைப் பிரித்து எங்கள் பையில் போட்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

அந்த நண்டைத்தான் அன்று மதியம் நீங்கள் சாப்பிட்டீர்கள். உங்கள் மாமா பெரிய மார்க்கெட் பக்கமிருந்து ரொட்டியும் வாங்கி வந்திருந்தார். அதை அறுக்கக் கால்சட்டைப் பைக்குள் கை விட்டார். கையை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வெறுங்கையோடு எடுத்து, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து உங்களுக்குக் கொடுத்தார். துணுக்கு எல்லாம் மேசையில் உதிர்ந்தது. நான் ஜெயித்தவன் மாதிரிப் பேசவில்லை. முனையைப் பற்றி நான் சொன்னது சரிதான், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அந்த மேசையில் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

சாப்பாடு முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. நீங்கள் இருவரும் மாமா கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். தட்டு காய்ந்தது. உங்கள் அம்மா சமையலறையிலிருந்து வந்து, "இன்னாண்ணே, எல்லாரும் சிலையாட்டம் உக்காந்திருக்கீங்க? நான் எப்பப் பாத்திரம் கழுவறது?" என்றாள்.

நான் எழுந்துபோய்ச் சாப்பாட்டுப் பையிலிருந்து என் கத்தியை எடுத்து வந்தேன். திறந்து, மேசையில் வைக்காமல், பிடிப் பக்கமாக அவரிடம் நீட்டினேன்.

"ஐயோ, கையில குடுக்காதீங்க!" என்று உங்கள் அம்மா பதறினாள்.

உங்கள் மாமா கையை விரித்து வாங்கிக்கொண்டார். "விடு தங்கச்சி. சண்டையெல்லாம் காலையிலயே போட்டு முடிச்சிட்டோம். இனிமே வர்றதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல."

மேசைத் துணியில் அலகை இரண்டு பக்கமும் துடைத்தார். கயிறு அறுத்து வாய் மழுங்கியிருந்ததை விரலால் தடவிப் பார்த்து, "சாணை புடிக்கணும் மாப்ள" என்றார். பிறகு மடக்கினார். அவர் கத்தியின் சத்தம் மாதிரி இல்லை, கொஞ்சம் கட்டையான சத்தம். நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள், இது கணக்கில் சேருமா என்று. அவர் தலையை ஆட்டினார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தீர்கள்.

இப்போது அவரிடம் வேறு கத்தி இருக்கிறது. அதே மரப்பிடி, அதே வளையம், அதே ஊசி முனை. பிரான்சிலிருந்து வந்த உறவுக்காரர் மூலம் வரவழைத்தார். திருந்தவே மாட்டார். ஒரு மாற்றம் மட்டும் உண்டு: பிடியில் ஓட்டை போட்டு ஒரு கயிறு கட்டியிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து "குடுங்க மச்சான், பாப்போம்" என்று நான் கேட்டால், பலகையில் வைப்பதில்லை. என் கையிலேயே கொடுக்கிறார். வாங்கின உடனே நாங்கள் சண்டை போட ஆரம்பித்துவிடுகிறோம்.